அட்டையில் ஐந்து ஓட்டைகள்

ஜூன் 2, செவ்வாய்

கணினி ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். தாங்கள் இன்னும் அதே கல்லூரியில்தான் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர்காரர் தாங்கள் ஒருவர்தான்.

நான் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு நீர்மட்ட நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஓர் அறை, ஒரு ஷெட், ஆற்றுக்குள் நட்ட அளவுகோல், ஒரு வயர்லெஸ் பெட்டி. செல்போன் சிக்னல் இல்லை, இன்டர்நெட் இல்லை. புதன்தோறும் ஒரு ஜீப் வந்து சாமானையும் தபாலையும் இறக்கிவிட்டு என் தபாலை எடுத்துப் போகும். சூரியத் தகடு தரும் மின்சாரத்தில் ஒரு பழைய அலுவலகக் கம்ப்யூட்டர் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடும்.

என் செல்போனில் உள்ள படங்களை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கேபிளைச் செருகினால் 'டொங்' என்று ஒரு சத்தம் வருகிறது. பிறகு 'அன்நோன் டிவைஸ்' என்று காட்டி, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்றைப் போடுகிறது. டிரைவர் இல்லையாம்.

போன் கீழே விழுந்து உடைந்தது. திரையின் மேல்பகுதி கறுத்துவிட்டது. கறுப்பு நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது. இன்று காலை மேல் விளிம்பிலிருந்து 61 மில்லிமீட்டர். பூட்டைத் திறக்கும் எண்கள் 80-இல் ஆரம்பிக்கின்றன.

ஜூலை 15-ஆம் தேதி ஒரு விசாரணை அதிகாரி வருகிறார். அதற்குள் படங்கள் வேண்டும். வழி இருந்தால் எழுதவும். போனின் மாடல் எண்ணைத் தனித்தாளில் எழுதி, தபால்தலையோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீர்மட்டக் கண்காணிப்பாளர்

*

ஜூன் 6, சனி

அண்ணி,

'தாங்கள்' என்று படித்ததும் எனக்குப் பின்னால் யாராவது பெரிய மனிதர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நான்தான். உங்கள் வாயாடி. அந்தப் பெயரை வைத்ததே நீங்கள், இப்போது 'பொறுப்பாளர் அவர்களுக்கு' என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

'அண்ணி' என்று எழுதலாமா கூடாதா என்று பத்து நிமிடம் பேனாவைக் கடித்தேன். கோர்ட்டுக் காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு உங்களுக்கென்று வேறு வார்த்தை தெரியாது. பிடிக்கவில்லை என்றால் அடித்துவிட்டுப் படியுங்கள்.

உங்கள் தபால்தலையை நான் ஒட்டவில்லை. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மரியாதைக்குக் கொடுத்ததை மரியாதைக்காகவே வைத்துக்கொள்கிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதல் நல்ல செய்தி, 'டொங்' சத்தம் வருகிறது என்றால் கேபிள் நல்ல கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள்கள் உண்டு, அவை ஊமை. என் மாணவர்கள் பாதிப் பேர் அதை வைத்துக்கொண்டு, "மேடம், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு"ன்னு வந்து நிற்பார்கள். உங்களுடையது அந்த ரகம் இல்லை. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்பது கம்ப்யூட்டருக்குக் கேட்கிறது. வந்தவர் பேசும் பாஷைதான் புரியவில்லை. டிரைவர் என்பது நடுவில் நிற்கிற துபாஷி. அவ்வளவுதான் விஷயம்.

இத்துடன் ஒரு பென் டிரைவ். என் பழைய சாக்ஸுக்குள் சுற்றி அனுப்புகிறேன் (துவைத்தது). செய்ய வேண்டியதை இருபத்திரண்டு படிகளாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு படியிலும் திரையில் என்ன தெரியும் என்று படமும் வரைந்திருக்கிறேன். நான் வரைந்த எலி அம்புக்குறி கோழி மாதிரி இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம்.

அங்கே குளிருமா? தனியாகவா இருக்கிறீர்கள்? என்ன விசாரணை? எதற்கு அதிகாரி? இதையெல்லாம் எழுதாமல் மில்லிமீட்டரை மட்டும் எழுதியிருக்கிறீர்களே!

உங்கள்
வாயாடி

பின்குறிப்பு: அம்மா நடக்கிறாள். கோல் ஊன்றி.

*

ஜூன் 16, செவ்வாய்

வாயாடிக்கு,

பென் டிரைவ் வந்தது. சாக்ஸும் வந்தது. ஒற்றைக் காலுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறாய்.

இருபத்திரண்டு படிகளையும் செய்தேன். பத்தொன்பதாவது படியில், 'இந்தக் கோப்பு இந்தக் கம்ப்யூட்டருக்கு உரியது அல்ல' என்று வந்தது. மறுநாளும் செய்தேன், அதேதான். நீ சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தேன். 'சிஸ்டம் டைப்: 32 பிட்' என்று இருக்கிறது. உன் பென் டிரைவை மட்டும் இந்தக் கம்ப்யூட்டர் உடனே அடையாளம் கண்டுகொண்டது. அது எப்படி?

கறுப்பு 66.

நீ எழுதி அனுப்பிய பதினோரு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். கோழி நன்றாகவே இருக்கிறது. நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

குளிரும். தனியாகத்தான் இருக்கிறேன். பழகிவிட்டது.

மே 9-ஆம் தேதி விடிவதற்குள் ஆறு ஏறியது. இங்கே மழை பெரிதாக இல்லை, மேலே எங்கோ கொட்டியிருக்கிறது. நான் ஐந்து பத்துக்கும் ஐந்து நாற்பதுக்கும் வயர்லெஸ்ஸில் கீழே கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். இரண்டு தடவையும் பதில் வந்தது. ஏழு மணிக்கு ஆற்றோரத் தெருவில் பதினேழு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒருத்தருக்கும் எச்சரிக்கை போகவில்லை. கட்டுப்பாட்டு அறைப் புத்தகத்தில் என் பேச்சு எதுவும் பதிவாகவில்லை. என் பதிவேடு ஷெட்டில் இருந்தது. ஷெட்டோடு போய்விட்டது.

ஒவ்வொரு அளவு எடுக்கும்போதும் அளவுகோலைப் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது என் வழக்கம். யாரும் சொல்லிச் செய்வது இல்லை. அன்றும் எடுத்தேன், கடைசியில் வழுக்கி விழும்வரை. இப்போது அந்தப் படங்களைத் திறந்தால் கீழே தண்ணீர் மட்டும்தான் தெரிகிறது. அளவுகோலும் மணியும் கறுப்புக்குள் இருக்கின்றன. போனைத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் இல்லை. அது தொலைந்தால் எல்லாம் தொலைந்தது.

அலுவலகக் கடிதத்தில் என்னைப் பற்றி எழுதியிருப்பது ஒரே வரி. 'சம்பவ நேரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.'

இதே வரியை என்னைப் பற்றி இரண்டாவது தடவையாகச் சொல்கிறார்கள். முதல் தடவை யார் சொன்னார்கள் என்று உனக்குத் தெரியும். நீயும் அன்று அந்தக் கூடத்தில் கதவோரமாக நின்றாய்.

அத்தை நடப்பது சந்தோஷம்.

அண்ணி

*

ஜூன் 20, சனி

அண்ணி,

முதலில் டிரைவர். தப்பு என்னுடையது. உங்கள் கம்ப்யூட்டர் பழையது என்று நீங்கள் எழுதியும் நான் அறுபத்துநாலு பிட்டுக்கு உரியதைப் போட்டு அனுப்பிவிட்டேன். கால் அளவு கேட்காமல் செருப்பு வாங்கிய கதை. இந்தப் பென் டிரைவில் முப்பத்திரண்டுக்கானது இருக்கிறது. என் ஆய்வக மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த அதே வயதுக் கிழட்டுக் கம்ப்யூட்டரைக் கிளப்பி, போட்டுப் பார்த்துவிட்டேன். ஏறுகிறது. பென் டிரைவுக்கான துபாஷி எல்லாக் கம்ப்யூட்டரிலும் பிறவியிலேயே இருக்கும், அதனால்தான் அது உடனே தெரிந்தது.

அடுத்தது போன். டிரைவர் ஏறினாலும் போன் தன் பக்கமிருந்து, 'படங்களை எடுத்துக்கொள்ளலாம்' என்று அனுமதி தர வேண்டும். அந்தப் பொத்தான்கள் எல்லாம் திரையின் மேல்பாதியில், அதாவது உங்கள் கறுப்புக்குள் இருக்கின்றன. கறுப்பானாலும் தொட்டால் வேலை செய்யும் என்று நினைக்கிறேன். எங்கே தொடுவது என்பதுதான் கேள்வி.

எங்கள் நூலகக்காரியிடம் உங்களுடைய அதே மாடல் போன் இருக்கிறது. மதிய இடைவேளை முழுக்க அவளைப் போனைத் தொடவிடாமல் பிடுங்கி வைத்து, ஸ்கேல் வைத்து அளந்தேன். இத்துடன் இருக்கும் அட்டை உங்கள் போன் அளவுக்கே வெட்டியது. அதில் ஐந்து ஓட்டைகள் போட்டு நம்பர் எழுதியிருக்கிறேன். அட்டையைத் திரைமேல் விளிம்போடு விளிம்பாக வையுங்கள். ஒன்றாம் ஓட்டை நீளமானது, அதில் விரலை மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு, ஒவ்வொன்றையும் ஒரு தடவை தொட்டு, மூன்று எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்தாவது 'அலோ', அதாவது அனுமதி. நூலகக்காரியின் போனில் கண்ணை மூடிக்கொண்டு ஆறு தடவை செய்து பார்த்தேன், ஆறும் சரியாக வந்தது. "உனக்கு என்னடி ஆச்சு?"ன்னு கேட்டாள். "எங்க அண்ணி போன்"னு சொன்னேன்.

இனி எழுதப்போவதை இன்று எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்து இரண்டு மணி நேரம் தனியாகக் கிடந்த அந்த மத்தியானம், நான் மூன்று மணிக்கு அண்ணனுக்குப் போன் பண்ணினேன், ஏதோ ஒன்றுமில்லாத விஷயத்துக்கு. பின்னால் சீட்டாடுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டன. "எங்கடா இருக்க?"ன்னு கேட்டேன். "ஃப்ரெண்டு வீட்ல. உங்க அண்ணி வேலைக்கு இன்டர்வியூ போயிருக்கா, அம்மாவ நான்தான் பாத்துக்கணும். இதோ கிளம்பிட்டேன்"னு சொன்னான்.

நாலு நாள் கழித்து, எல்லாரும் கூடியிருந்த கூடத்தில், "அவ வெளிய போறேன்னு எங்கிட்ட சொல்லவே இல்ல. வீட்ல இருக்கான்னுதான் நான் நெனச்சேன்"னு சொன்னான். நீங்கள், "சொல்லிட்டுத்தானே போனேன்"னு சொன்னீர்கள். யாரும் நம்பவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

நாள் முழுக்க வாய் ஓயாதவள் அன்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பயம். அம்மா ஆஸ்பத்திரியில், அண்ணனும் இல்லாமல் போனால் யார் என்று பயம். ஒரு வாரம் போனால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு வாரத்தில் நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

வாயாடி

*

ஜூன் 30, செவ்வாய்

பென் டிரைவும் அட்டையும் கிடைத்தன. நன்றி.

கறுப்பு 72.

மேற்கொண்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

*

ஜூலை 5, ஞாயிறு

அண்ணி,

மூன்று வரிதான் எழுதியிருந்தீர்கள். முழுக் கடிதமாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அதற்கு மேல் பாத்தியதை இல்லை.

இன்று மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்திருந்தான். அம்மாவும் இருந்தாள். சாப்பாட்டுத் தட்டு நடுவில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தேன், டம்ளர் நிரம்பி மேசையெல்லாம் ஓடியது. நிறுத்தாமல் சொன்னேன். மூன்று மணி, சீட்டுச் சத்தம், அவன் சொன்ன வார்த்தை, எல்லாம்.

அண்ணன், "பழசையெல்லாம் எதுக்குக் கெளறுற?"ன்னு கேட்டான். இல்லை என்று சொல்லவில்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டான்.

அம்மாவுக்கு அவன்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். என்மேல்தான் வந்தது. "இவ்வளவு நாள் வாய்ல என்னடி வெச்சிருந்த?"ன்னு கேட்டாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் மாத்திரைக்குத் தண்ணீர் வேண்டும் என்று பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். நான் சொம்போடு பக்கத்திலேயே நிற்கிறேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதைச் செய்யவில்லை. அன்றே செய்திருக்க வேண்டியது. மூன்று வருடம் தாமதம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்மேல் கோபப்படுங்கள், டிரைவர்மேல் கோபப்படாதீர்கள். அதை ஏற்றும்போது சிவப்பாக ஒரு எச்சரிக்கை வரும், 'வெளியிட்டவர் யாரென்று சரிபார்க்க முடியவில்லை' என்று. பயந்து மூடிவிடாதீர்கள். கீழே 'இருந்தாலும் நிறுவு' என்று ஒரு வரி இருக்கும், அதை அழுத்துங்கள். போன கடிதத்தில் இதை எழுத மறந்துவிட்டேன். அதுதான் அஞ்சு நாளாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அதிகாரி வர இன்னும் பத்து நாள்தான்.

வாயாடி

*

ஜூலை 14, செவ்வாய்

வாயாடிக்கு,

உன் ஜூன் மாதக் கடிதம் வந்த பிறகு, பென் டிரைவை மேசைமேல் அப்படியே வைத்திருந்தேன். தினமும் அதைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போவேன், தாண்டித்தான் வருவேன். தொடவில்லை. உன் உதவியால் வேலை காப்பாற்றப்பட வேண்டாம் என்று ஒரு வீம்பு. அது வீம்பு என்று எனக்கே தெரியும். தெரிந்தும் இரண்டு வாரம் இருந்தேன்.

என்னைச் சுட்டது உன் அண்ணன் சொன்ன பொய் இல்லை. அது எனக்குப் பழையது. உனக்குத் தெரியும் என்பதுதான் புதிது. வீட்டை விட்டு வந்த பிறகு நான் ஆறுதல்பட்டது உன் ஒருத்தியை நினைத்துத்தான். 'அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தால் பேசியிருப்பாள்' என்று நினைத்துக்கொள்வேன். அது போய்விட்டது. அதற்குத்தான் அழுதேன்.

போன புதன் உன் அடுத்த கடிதம் வந்தது. தண்ணீர் வழிந்த மேசை என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த மேசையை நான் எத்தனை தடவை துடைத்திருக்கிறேன்! சாயங்காலமே கம்ப்யூட்டரைப் போட்டேன்.

சிவப்பு எச்சரிக்கை நீ சொன்ன இடத்தில் வந்தது. அழுத்தினேன். பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போய் நின்றது. கேபிளைச் செருகினேன். மஞ்சள் முக்கோணம் இல்லை! என் போனின் பெயரே வந்தது. ஆனால் உள்ளே திறந்தால் வெறும் பெட்டி. பிறகுதான் உன் அட்டை நினைவுக்கு வந்தது.

எண்களைத் தட்டிப் பூட்டைத் திறந்தேன். கறுப்பு 77. அட்டையை வைத்தேன். ஒன்று, இழுத்தேன். இரண்டு, மூன்று, நான்கு. எண்ணி எண்ணித் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் செய்தேன், ஆகவில்லை. நான்காம் தடவைதான் புரிந்தது, போனில் மாட்டியிருந்த ரப்பர் உறையோடு அட்டையை வைத்திருந்தேன். அது இரண்டு மில்லிமீட்டர் தள்ளிவிட்டது. அளப்பதையே தொழிலாகக் கொண்டவள் செய்கிற காரியமா இது! உறையைக் கழற்றிவிட்டு வைத்தேன். ஐந்தாவது ஓட்டையைத் தொட்டதும் கம்ப்யூட்டர் திரை முழுக்கப் படங்கள் கொட்டின. பதினான்கு மாதம். படம் படமாக ஆறு. கத்திவிட்டேன். இங்கே கத்தினால் எதிர்க் கரையிலிருந்து திரும்பி வரும்.

மே 9-இன் படங்கள் பதினொன்று இருக்கின்றன. நாலு ஐம்பத்தைந்திலிருந்து ஆரம்பம். ஒவ்வொன்றிலும் அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் மணி. கடைசிப் படத்தில் மட்டும் அளவுகோல் இல்லை, வானமும் என் செருப்பும்தான். அது விழுந்தபோது எடுத்தது.

அது மட்டும் இல்லை. ஐந்து நாற்பதில் ஒரு வீடியோ இருக்கிறது. நான் வீடியோ எடுக்கவே இல்லை. ஈரக் கையில் தப்பாக அழுத்திவிட்டு மழைச்சட்டைப் பைக்குள் போட்டிருக்கிறேன். நாலு நிமிடம் வெறும் இருட்டு. ஆனால் சத்தம் இருக்கிறது. ஆறு. என் மூச்சு. பிறகு என் குரல்: "மேல் நிலையம் பேசறேன். மணி அஞ்சு நாப்பது. நாலு புள்ளி எட்டு மீட்டர். செவப்புக் கோட்டத் தாண்டிருச்சு. ஆத்தோரத் தெருவுக்குச் சொல்லிருங்க." அப்புறம் கரகரவென்று ஒரு ஆண் குரல்: "சரிம்மா, சரி. குறிச்சுக்கிட்டேன்."

வாயாடி, நான் இருந்தேன். இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தேன்.

நாளை அதிகாரி ஜீப்பில் வருகிறார். அதே ஜீப் இந்தக் கடிதத்தைக் கொண்டு போகும். என்ன ஆகும் என்று தெரியாது.

அண்ணி

*

ஜூலை 18, சனி

அண்ணி,

கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். நாற்பது மாணவர்கள் முன்னால் மேசைமேல் தலை கவிழ்ந்து அழுதேன். "மேடம், சர்வர் போச்சா?"ன்னு ஒருத்தன் கேட்டான். "வந்துருச்சுடா"ன்னு சொன்னேன்.

'அவளுக்குத் தெரிந்திருந்தால் பேசியிருப்பாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை என்னால் தாண்டவே முடியவில்லை. நீங்கள் நினைத்த அந்த வாயாடி நான் இல்லை, அன்றைக்கு. இனிமேல் ஆகிவிட முடியுமா என்று பார்க்கிறேன்.

ரப்பர் உறையை நான் யோசிக்கவில்லை. நூலகக்காரியின் போனுக்கு உறை கிடையாது, எத்தனை தடவை கீழே போட்டாலும் அவள் வீட்டுக்காரர் மாதிரி அசையாதது.

அம்மா இன்னும் நேராகப் பேசவில்லை. ஆனால் நேற்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அந்த மலைப்பக்கம் ரொம்பக் குளிருமோ?" என்றாள். "எந்த மலைப்பக்கம்?"ன்னு கேட்டேன். "தெரியாத மாதிரி கேக்காத" என்றாள்.

அதிகாரி என்ன சொன்னார்? இந்த ஜீப்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை வரக் கூடாதா? புதன்கிழமைக்காக இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் இருந்ததே இல்லை.

வாயாடி

*

ஜூலை 28, செவ்வாய்

வாயாடிக்கு,

உயிரைக் கையிலிருந்து கீழே வை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

அதிகாரி வந்து போன பிறகு நான் இருந்த இருப்பில் எழுத முடியவில்லை, போன ஜீப்பைத் தவறவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

அதிகாரி வந்து உட்கார்ந்ததும் ஒரு தடிமனான கோப்பைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பதிவேடு எங்கம்மா?" என்றார். "ஆத்தோட போச்சு சார்" என்றேன். "அப்ப என்னதான் இருக்கு?" என்றார். கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தேன். படங்களைப் பார்த்தார், ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பிறகு வீடியோவைப் போட்டேன். இருட்டைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே" என்றார். "பாக்க வேண்டாம் சார், கேளுங்க" என்றேன்.

மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்தக் குரல் எனக்குத் தெரியும். பன்னெண்டு வருஷமா தெரியும்" என்றார். கோப்பை மூடிவிட்டார்.

போன புதன் அலுவலகக் கடிதம் வந்தது. என்மேல் எந்தக் குற்றமும் இல்லை. இதுவரை தற்காலிகமாக இருந்த வேலை ஆகஸ்ட் 5-இலிருந்து நிரந்தரம், தலைமை அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த அந்த மனிதர் வேண்டுமென்று செய்யவில்லையாம். ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்துவிட்டு, இன்னொரு அழைப்பில் மறந்துவிட்டார். காலையில் தெருவெல்லாம் தண்ணீர் என்று தெரிந்ததும் பயந்து காகிதத்தைக் கிழித்துவிட்டார். அவருக்கு வேறு இடத்துக்கு மாற்றல். எனக்கு அவர்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பயந்துபோய் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டவர்கள் அதற்கப்புறம் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்று உன் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதருக்குப் பேச இன்னொரு வாய்ப்பு கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்தது, நீ அதை விடவில்லை.

உன் அண்ணனோடு பேசாமல் இருக்காதே. எனக்காக இருக்க வேண்டாம். எனக்கும் அவனுக்கும் முடிந்தது முடிந்ததுதான், அதில் திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் உனக்கு அவன் அண்ணன்.

இப்போது முக்கியமான விஷயம். ஆகஸ்ட் 5 புதன்கிழமை தலைமை அலுவலகம் போகும் பஸ் உங்கள் ஊர் பஸ் நிலையத்தில் காலை பத்து மணிக்கு நிற்கும். நாற்பது நிமிடம் நிற்கும். நான் மூன்றாம் நம்பர் மேடையில் இறங்கி நிற்பேன். வகுப்பு இருந்தால் வர வேண்டாம்.

இல்லை, வகுப்பு இருந்தாலும் வா.

அண்ணி

*

ஆகஸ்ட் 9, ஞாயிறு

அண்ணி,

நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று நீங்கள் இந்நேரம் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். எல்லாரும் என்றால் ஜீப்காரர் ஒருத்தர்தானே, பரவாயில்லை. பேச வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அதனால் பஸ் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். அது உங்களுக்குத் தெரியாது.

அம்மா வருவாள் என்று உங்களுக்கு நான் எழுதவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. காலையில் நான் கிளம்பும்போது புடவை மாற்றிக்கொண்டு கோலோடு வாசலில் நின்றாள். "எங்க?"ன்னு கேட்டதற்கு, "ஆட்டோவக் கூப்பிடு" என்றாள். அவ்வளவுதான்.

மேடையில் அவள் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கை என்ன இப்படி எளச்சுப் போச்சு" என்றாளே, அதற்கு நீங்கள், "பாறையில ஏறி எறங்குறேன்ல அத்தை" என்றீர்களே, அதற்கப்புறம் அம்மா அந்தக் கையை விடவே இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். உங்கள் கையிலிருந்து அம்மாவின் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை நின்றாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. இடுப்பு வலிக்கிறதோ என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அரை மணி நேரம் போனது. பஸ்கள் வந்தன, போயின. திடீரென்று என்னைப் பார்த்து, நேராக என்னைப் பார்த்து, ஒரு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக முகம் கொடுத்துப் பேசினாள். "நீ சொல்லாதது தப்பு. அவன் பொய் சொன்னது தப்பு. நான்? நான் அவள ஒரு வார்த்த கேக்கவே இல்லையேடி. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு, வந்து நின்னவளப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கோலை நான் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் நேற்று வந்தான். வாசலிலேயே நின்று, "அவ எப்படி இருக்கா?"ன்னு கேட்டான். "நல்லா இருக்காங்க"ன்னு சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். நீங்கள் எழுதியதை நினைத்துக்கொண்டு அவனுக்குத் தட்டு வைத்தேன். பேசிக்கொள்ள இன்னும் நாளாகும்.

இந்தக் காகிதத்தில் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அம்மா கேட்டாள். இரண்டு நாளாகப் பேனாவை வாங்குகிறாள், மூடியைக் கழற்றுகிறாள், மறுபடியும் மூடிக் கொடுத்துவிடுகிறாள். நாளை தபாலில் போட்டால்தான் புதன்கிழமை ஜீப்பைப் பிடிக்கும். அவள் எழுதாவிட்டால் இடம் காலியாகவே வரும். அப்படி வந்தாலும் ஒரு தடவை பார்த்துவிட்டு மடியுங்கள்.

உங்கள்
வாயாடி

*

பஸ்சிலேயே போயிடாதே. அடுத்த தடவை எறங்கி வீட்டுக்கு வா.

அத்தை